தெற்கறை மெல்லிசாக ஒதுக்கப்பட்ட கதை

என் அத்தான் கசொண்டே ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் குடும்பத்துக்குச் சுதந்திரம் அறிவித்தார்.

வாசலில் ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றது. அதன் மேல் ஏறி நின்றுதான் அறிவித்தார். "இன்னையிலேருந்து நம்ம வீட்டு படம், பாட்டு, பாடம் எதுவும் கண்காணாத ஊர்ல எவனோ ஒருத்தனோட கம்ப்யூட்டர்ல இருக்கக் கூடாது. நம்ம களி, நம்ம சட்டியில."

அக்கா சிலேஷே கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "களி கிண்டப் போறது யாரு?"

"நான்தான்."

"சட்டி கழுவறது?"

அத்தான் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார்.

வண்டியில் இருந்தது ஒரு சர்வர். எங்கள் ஊரான கிட்வேயில் செம்புச் சுரங்கங்களுக்கு நீரிறைக்கும் பம்பு விற்கிற ஒரு கம்பெனியில் அத்தானுக்குக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கம்பெனி புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டு இதைக் கழித்துப் போட்டது. கழித்ததை அத்தான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரும்புப் பெட்டி. கட்டில் அடியில் போகும் உயரம், கட்டிலையே நொறுக்கிவிடும் எடை. ஹாலில் வைத்து மின்சாரம் கொடுத்ததும் அது போட்ட சத்தத்தில் அக்காவின் குட்டி மகள் லுகோண்டே அழ ஆரம்பித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு டாலிதாவின் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"மாவு மில்லு போட்டுட்டீங்களா டீச்சர்? சோளம் கொண்டு வரலாமா?"

"இன்னும் அரைக்கல," என்றாள் அக்கா. "இப்போதைக்கு எங்க காதத்தான் அரைக்குது."

அத்தானுக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. பெட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார். "பாக்கறதுக்கு ஒரு பெட்டிதான். ஆனா இதுக்குள்ள பத்து கம்ப்யூட்டர் இருக்கு."

"எங்க?" என்று குனிந்து பார்த்தேன்.

"கண்ணுக்குத் தெரியாது. இருக்கற மாதிரி இருக்கும். மெய்நிகர் கணினின்னு பேரு."

"மெய்க்கு நிகர்னா, மெய் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"மெய் மாதிரி."

"மெய் மாதிரி இருக்கறதுக்குப் பொய்னு ஒரு பேரு ஏற்கெனவே இருக்கு அத்தான்."

"சட்டம் படிக்கறவளுக்கு மச்சானா வாழ்க்கப்பட்டது என் தப்பு," என்றார் அத்தான்.

நான் சட்டம் படிப்பது உண்மை. கோபம் வரும்போது முதலில் காரணங்களை வரிசைப்படுத்த வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். எனக்குக் கோபம்தான் முதலில் வரும். காரணங்கள் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவரும். அன்று ஓடிவந்த காரணம் தெற்கறை.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் வெயில் வடக்கிலிருந்துதான் வீட்டுக்குள் வரும். எங்கள் கோடையான அக்டோபரில் வடக்கு அறைகளில் ரொட்டி சுடலாம். தெற்கறை ஒன்றுதான் குளிர்ச்சி. அந்தத் தெற்கறை என் அறை. பல்கலைக்கழக விடுதியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், கட்டிலுக்கு அடியில் இன்னொருத்தி. அதனால்தான் அக்கா வீட்டில் இருக்கிறேன். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சாத்தினால் சாத்திக்கொள்ளும் ஒரு கதவு. படிக்கிற ஒரு பெண்ணுக்குச் சாத்திக்கொள்ளும் கதவு எவ்வளவு பெரிய சொத்து என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதவில்லை. எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்கள் கதவு எப்போதும் சாத்தித்தான் இருந்திருக்கும்.

"பெட்டிக்குக் குளிர்ச்சி வேணும் மச்சினி," என்றார் அத்தான்.

"எனக்கும் வேணும்."

"சூடானா பெட்டி நின்னுடும்."

"சூடானா நான் நிக்கவே மாட்டேன்."

"உனக்கு ஹால் இருக்கே. சோபா இருக்கே."

"ஹால்ல நீங்க பந்தாட்டம் பாப்பீங்க."

"பாத்தா என்ன? நீ படி. நான் வேணாங்கலயே."

நான் மூன்று வாதங்கள் வைத்தேன். முதலில் குடியிருப்பவளுக்கே உரிமை. உயிருள்ளவளுக்குப் பின்தான் உயிரற்றது. மூன்றாவதாக, அந்தப் பெட்டி வாடகை தராது. நானும் தருவதில்லை என்று அத்தான் சுட்டிக்காட்டியதால் மூன்றாவதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பிறகு தீர்ப்புக்காக அக்கா பக்கம் திரும்பினேன். அக்கா பள்ளியில் புவியியல் டீச்சர். அவள் வகுப்பில் பையன்கள் எரிமலை பற்றிக்கூட மெதுவாகத்தான் பேசுவார்கள். அத்தானைத் துவம்சம் செய்யப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"எடுத்துக்கட்டும் லோம்பே," என்றாள். "நீ ஹாலுக்கு வந்துடு."

எனக்குக் காது அடைத்தது. பெட்டியின் சத்தம் என்று முதலில் நினைத்தேன்.

"என் கட்டில்?"

"அது அங்கேயே இருக்கட்டும். நீ மட்டும் வா."

"பெட்டிக்கு எதுக்குக்கா கட்டில்?"

"ஹால்ல எடம் அடைக்கும் இல்ல," என்றாள் அக்கா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

கூடப் பிறந்தவளே கைவிட்டாள். அதுவும் ஒரு இரும்புப் பெட்டிக்காக. எதிர்ப்பின் அடையாளமாக அன்று மதியம் களி சாப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் கருவாட்டுக் குழம்பு என்று தெரிந்ததும், எதிர்ப்பை மாலைக்கு ஒத்திவைத்தேன்.

சாப்பிடும்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அந்தப் பத்து பொய்க் கம்ப்யூட்டரும் சாமான எங்க வெச்சுக்கும்? உள்ள சேமிக்கறதுக்கு இருக்கறது ஒரே ஒரு வட்டுதானே?"

அத்தானின் முகம் மலர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் யாரும் வேலை பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. நடுவிலிருந்த களிப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இங்க பாரு சிலேஷே. இடம் குடுக்கறதுல ரெண்டு வகை. ஒண்ணு, தடி ஒதுக்கீடு. இந்தக் களிய இப்பவே பிச்சு அவங்கவங்க தட்டுல வெச்சுடறது." பிய்த்து வைத்தார். "சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாட்டியும் சரி. அது அவங்களோடது. வேற யாரும் கை வைக்க முடியாது."

"இன்னொண்ணு?"

"மெல்லிசு ஒதுக்கீடு." பிய்த்ததை மறுபடி பாத்திரத்தில் போட்டார். "பாத்திரம் நடுவுல இருக்கும். ஒவ்வொருத்தர்கிட்டயும் 'உனக்குப் பாதி'ன்னு சொல்லிடறது. அவங்க எடுக்க எடுக்கத்தான் குறையும்."

"நாலு பேர்கிட்ட பாதின்னு சொன்னா?"

"ரெண்டு பாத்திரம் களி ஆகும்."

"இருக்கறது?"

"ஒரு பாத்திரம்."



"அப்ப ஏமாத்தறீங்க," என்றேன்.

"ஏமாத்தல. ஒதுக்கறேன்."

அக்கா கேட்டாள். "ஒதுக்கறதுன்னா குடுக்கறதா?"

"இல்ல. ஒதுக்கறதுன்னா..." அத்தான் சரியான சொல்லைத் தேடினார். "கேக்கும்போது குடுக்கறது."

"எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. மனுஷ சுபாவம் அது. எப்ப கேட்டாலும் கெடைக்கும்ங்கற நம்பிக்கை இருந்தா, எவனும் இன்னைக்கே கேக்க மாட்டான்."

"ம்," என்றாள் அக்கா.

அக்காவின் 'ம்' ஒரு முழு வாக்கியம். அதில் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு. அன்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அன்று பிற்பகல் அத்தான் தன் மடிக்கணினியில் அந்தப் பொய்க் கணினிகளை ஒவ்வொன்றாகப் பிறக்கவைத்தபோது நான் கோபத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டில் இருந்தது ஆயிரம் ஜிபி இடம். முதல் கணினி பிறந்தது. எனக்கு எவ்வளவு இடம் என்று கேட்டது. ஐந்நூறு என்றார் அத்தான். அது நம்பியது. இரண்டாவது பிறந்தது. அதற்கும் ஐந்நூறு. அதுவும் நம்பியது. மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றும் தனக்கு ஐந்நூறு இருப்பதாகவே எண்ணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இன்னொருவன் இருப்பதே ஒன்றுக்கும் தெரியாது. உண்மையில் ஒன்றிடமும் ஒரு துளி இல்லை. வெறும் வாக்கைத் தின்று நான்கு உலகங்கள் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தன. தெற்கறை இருட்டில் பச்சை விளக்குகள் கண் சிமிட்டின. உலகமே இப்படித்தான் நடக்கிறதோ என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு அது என் அறை என்பது நினைவுக்கு வந்தது.

இடம் கையில் வந்ததும் அத்தான் வள்ளலாகிவிட்டார். தன் பந்தாட்டங்களுக்கு ஐந்நூறு. அக்காவின் பள்ளிப் பாட வீடியோக்களுக்கு ஐந்நூறு. டாலிதாவின் அம்மா தேவாலயப் பாடகர் குழுவின் தலைவி. குழுவுக்கு ஐந்நூறு. வீட்டு ஓனர் கங்வா பேத்தியின் கல்யாண வீடியோவை வைக்க இடமில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அவருக்கும் ஐந்நூறு. தெருவில் நடக்கும்போது இரண்டு பக்கமும் வணக்கம் விழுந்தது. டாலிதாவின் அம்மா ஒரு கோழி கொடுத்தனுப்பினாள். கோழி மட்டும் தடி ஒதுக்கீடாக வந்தது.

"உனக்கும் ஐந்நூறு தரேன் மச்சினி, கோச்சுக்காத," என்றார்.

"ஆயிரத்துல ஏற்கெனவே ரெண்டாயிரம் குடுத்தாச்சு."

"உனக்கு இன்னும் மெல்லிசா."

கொள்கை அடிப்படையில் மறுத்துவிட்டேன்.

இந்த மெல்லிசு வித்தையை அத்தான் கம்பெனியில் கற்கவில்லை. அவருக்கு அது பிறவியிலேயே வரும். எங்கள் அம்மா சொந்த ஊரான கசாமாவில் தனியாக இருக்கிறாள். முழங்கால் வலி. கல்யாணத்தின்போதே அத்தான் அம்மாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். 'எங்க வீட்ல அத்தைக்குன்னு ஒரு அறை ஒதுக்கியாச்சு. எப்ப வேணும்னாலும் வரலாம்.' ஆள் மூலம்தான் சொல்ல முடியும். எங்கள் ஜனத்தில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். ஒரே பாத்திரத்தில் கை வைக்க மாட்டார்கள். மாமியார் படுக்கும் அறையின் வாசலை மருமகன் மிதிக்கவே மாட்டான், அவன் எவ்வளவு படித்திருந்தாலும் சரி. மாமியார் வந்து தங்கினால் அவனுக்குத் தன் வீட்டிலேயே பாதி வழி அடைபட்டுவிடும்.

ஆகவே அம்மா வர ஆசைப்பட்டபோதெல்லாம் அத்தானுக்குக் கண் கலங்கும். "அத்தை வரட்டும் சிலேஷே. எனக்கு ஆசை இல்லையா? ஆனா தெற்கறைல லோம்பே இருக்காளே. பாவம், படிக்கற பொண்ண எப்படி வெளிய அனுப்பறது?"

நான் அந்த அறைக்குப் பூட்டாக இருந்தேன். எனக்கே தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா சொன்னாள். "லுகோண்டே அப்பா, சட்டையப் போட்டுக்கோங்க. அம்மா வந்திருக்கா."

"எங்க?"

"உங்க பெட்டிகூட."

அத்தான் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார். "அந்த அறைய பெட்டிக்குக் குடுத்தோமே."

"பெட்டி தரையில இருக்கு. கட்டில் காலியா இருந்துச்சு."

"லோம்பே..."

"லோம்பேவத்தான் நீங்களே காலி பண்ணிட்டீங்களே."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். கட்டில் ஏன் அங்கேயே இருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. துளிகூடச் சண்டை போடாமல், குரலை உயர்த்தாமல், அவர் கையாலேயே பூட்டைக் கழற்றவைத்து, அவர் வாயாலேயே அறையைக் காலி என்று சொல்லவைத்திருக்கிறாள். எங்கள் பேராசிரியர்கள் இத்தனை வருடம் சொல்லித்தந்த வாதத் திறமை எல்லாம் எனக்கு அந்த நிமிடம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது.

"பெட்டில ஒரு வசதி உண்டு," என்று அத்தான் தனக்குத்தானே முனகினார். "ஸ்னாப்ஷாட்னு. ஒரு நிமிஷத்த அப்படியே பிடிச்சு வெச்சுக்கலாம். பின்னால ஏதாவது கெட்டுப்போனா அந்த நிமிஷத்துக்கே திரும்பிப் போயிடலாம்."

"நேத்திக்குப் பிடிச்சு வெச்சீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்ல."

"அப்ப கை கழுவிட்டு வாங்க."

அம்மாவுக்குப் பெட்டியை மிகவும் பிடித்துவிட்டது. "நல்லா இருக்குடி, எங்க ஊரு மில்லு மாதிரி. நான் குறட்டை விட்டாலும் மாப்பிள்ளைக்குக் கேக்காது." மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஊரிலிருந்து ஒரு மூட்டைப் புழு கொண்டுவந்திருந்தாள். எங்கள் பக்கம் காயவைத்து வறுத்துத் தின்னும் நல்ல கொழுத்த புழு. வழியில் நனைந்துவிட்டது. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று வருவதைக் கண்டுபிடித்து, முறத்தில் பரப்பி அங்கே வைத்தாள். வெயிலில் கூட அப்படி மொறுமொறுவென்று காய்ந்ததில்லை. பெட்டிக்குள்ளே பாடகர் குழுவின் தோத்திரம், பின்னாலே புழு. இரண்டும் ஒரே காற்றில் பக்குவமாயின.

அத்தான் சீக்கிரமே தேறிக்கொண்டார். "நான் எதுக்கு உள்ள போகணும்? எல்லாம் சோபாலேருந்தே பண்ணிக்கலாம். அதுதான் தொழில்நுட்பம்." சமையலறைக்குப் போக, அம்மாவின் அறை வாசலைத் தவிர்த்து வீட்டைச் சுற்றிக்கொண்டு, மழையில் நனைந்து, பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

சோபாவிலிருந்தே எல்லாம் நன்றாக நடந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் வரை.

அத்தான் சேமித்து வைத்திருந்த ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நிமிடம். ஒருவன் பந்தை உதைத்தான். பந்து கிளம்பியது. கம்பத்துக்கு நேராக, காற்றிலேயே நின்றுவிட்டது.

அத்தான் டிவியைத் தட்டினார். பந்து இறங்கவில்லை.

வேலிக்கு மேலே டாலிதாவின் அம்மாவின் தலை தெரிந்தது. "கசொண்டே ஐயா, வீடியோல எங்க குழுவுல முப்பது பேரும் வாயத் தொறந்தது தொறந்தபடி நிக்கறாங்க. பாட்டு வரல. மூட வைங்க, பாக்கப் பயமா இருக்கு."

கைப்பேசி அடித்தது. ஓனர் கங்வா. பேத்தி மாப்பிள்ளைக்கு ஊட்டப் போன கேக் பாதி வழியில் நிற்கிறதாம்.

அத்தான் மடிக்கணினியைத் திறந்தார். முகம் வெளுத்தது. "ஆயிரமும் நெறைஞ்சுடுச்சு. எல்லாக் கம்ப்யூட்டரும் ஒண்ணா மூச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. இது எப்படி? மனுஷ சுபாவப்படி..."

"டீச்சர் சொன்னாங்கன்னுதான் ஐயா, பழைய கச்சேரி எல்லாத்தையும் இந்த வாரமே ஏத்தினோம்," என்றாள் டாலிதாவின் அம்மா. "அப்புறம் இடம் இருக்குமோ இருக்காதோன்னு சொன்னாங்க."

கைப்பேசியிலும் ஓனர் அதையேதான் சொன்னார். சிலேஷே டீச்சர் அக்கறையாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்.

அக்கா சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு நதியின் பெயரைச் சுழித்தாள். தலை நிமிரவில்லை.

எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் என்ன ஆகும் என்று அன்று சாப்பிடும்போது கேட்டாளே, அதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை என்று தானே செய்து பார்த்திருக்கிறாள்.

"உங்க பந்தாட்டத்த அழிச்சா இடம் வருமே அத்தான்," என்றேன்.

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அழிச்சாலும் வராது மச்சினி. மெல்லிசுல அதான் கஷ்டம். ஒருத்தர் உள்ள வந்து உக்காந்துட்டா, சாமான எடுத்தாலும் அந்த இடம் தானா திரும்பாது. தனியாக் கேட்டு வாங்கணும்." தெற்கறைப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எதுவுமே தானா திரும்பாது."

ஒரே வழிதான் இருந்தது. பையிலிருந்து ஒரு புது வட்டை எடுத்தார். என் உள்ளங்கை அளவுதான். "பெட்டியோட முன்பக்கம் ஒரு பொந்து காலியா இருக்கு. இதத் தள்ளினா போதும். டக்குனு உக்காந்துக்கும். மீதிய நான் சோபாலேருந்து பாத்துக்குவேன்."

"போய்த் தள்ளுங்க."

அத்தான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் காலை நீட்டிச் சோபாவில் சாய்ந்தேன். வாழ்க்கையில் நீதி என்று ஒன்று இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

"என்ன வேணும் சொல்லு," என்றார்.

"என் அறை."

"உனக்குத்தான். அத்தை ஊருக்குப் போனதும்னு இல்ல, இப்பவே. அறை உனக்கு ஒதுக்கியாச்சு. போதுமா?"

எந்தச் சொல்லைக் கவனித்திருக்க வேண்டுமோ அந்தச் சொல்லை, சட்டம் படிக்கிற நான், காதில் வாங்காமல் எழுந்து போனேன்.

அத்தான் தெற்கறை வாசலுக்கு இந்தப் பக்கம், சுவர் மறைவில் மண்டியிட்டு, கைகளைக் குவித்து மெல்லத் தட்டினார். பெரியவர்கள் முன் அப்படித்தான். நான் வாசற்படியில் நின்றேன். உள்ளே அம்மா பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இளஞ்சூட்டில் முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள்.

"யாருடி கை தட்டறது?"

"அத்தான்மா. இந்த வட்டப் பெட்டில சொருகணுமாம்."

"சிலேஷே சொன்னாளா?"

"இல்ல."

"அவ சொல்லாம யாரையும் பெட்டியத் தொட விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. மாப்பிள்ளைகிட்ட சொல்லு."

நான் திரும்பிச் சொன்னேன். அத்தான் சுவரைப் பார்த்துச் சொன்னார். "ஒரு நிமிஷ வேலைன்னு அத்தைகிட்ட சொல்லு. அவங்க கொஞ்சம் பின்கட்டுல காத்தாட உக்காரட்டும்."

"காத்தாட உக்காருவியாம்மா."

"மழை பெய்யுதுன்னு சொல்லு."

"மழையாம்."

"எனக்குத் தெரியுது. அப்ப சமையலறையில..."

"முட்டி மடங்கலன்னு சொல்லு. அதோட இதையும் சொல்லு. மாப்பிள்ளைக்குத் தங்கமான மனசு. கல்யாணத்தன்னைக்கே எனக்குன்னு அறை ஒதுக்கறேன்னு வாக்குக் குடுத்து, நடத்தியும் காட்டிட்டாரு. அவரு குடுத்த அறைய விட்டு ஒரு அடி நகந்தாலும் அவருக்கு நான் செய்யற அவமரியாதை."

இதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அத்தான் மண்டியிட்டபடியே நன்றி தெரிவித்து மூன்று முறை கை தட்டினார். வேறென்ன செய்ய முடியும்?

பிறகு அதே நிலையில், முழங்காலை எடுக்காமலே, சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பினார்.

"சிலேஷே."

"சொல்லுங்க."

"அந்த வட்ட நீ கொஞ்சம்..."

"செய்யறேன். ரெண்டு விஷயம்." அக்கா சிவப்புப் பேனாவை மூடினாள். "பெட்டியோட பாஸ்வேர்டு எனக்கும் வேணும்."

"தரேன்."

"என் பாடங்களுக்குக் குடுத்தீங்களே ஐந்நூறு, அத தடியா மாத்திக் குடுங்க."

"தடியா எதுக்கும்மா? மெல்லிசே போதும். நீ கேக்கும்போது..."

"தடியா."

"ஊருக்கெல்லாம் மெல்லிசு, உனக்கு மட்டும் தடியா? நியாயமா?"

"வீட்ல ஒருத்தர் கையிலயாவது தடி இருக்கணும் இல்ல," என்றாள் அக்கா.

அத்தான் பாஸ்வேர்டைச் சொன்னார். அது அக்காவின் பெயர்தான். சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார். அக்காவும் ஒரு கணம் வட்டைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு எழுந்து, அம்மாவைத் தாண்டி, முறத்தைத் தாண்டி, பெட்டியின் முன் உட்கார்ந்தாள். டக்.

அத்தான் சோபாவுக்கு ஓடி மடிக்கணினியில் ஏதோ தட்டினார். வேலிக்கு அப்பால் முப்பது பேர் ஒரே சமயத்தில் பாட ஆரம்பித்தார்கள். டிவியில் நின்றிருந்த பந்து நகர்ந்தது. கம்பத்துக்கு மேலே பறந்து, கூட்டத்துக்குள் போய் விழுந்தது.

நான் புத்தகங்களை எடுத்துக்கொண்டு நேராகத் தெற்கறைக்குப் போனேன். அக்கா வாசலில் நின்றிருந்தாள். இந்த முறை வாதங்களைக் கோபத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்தேன். வாக்குறுதி தரப்பட்டது. அதை நம்பி நான் எழுந்து வந்தேன். சாட்சியாக அக்காவே மேசையில் இருந்தாள். எந்த நீதிமன்றத்திலும் நிற்கும். அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அறை உனக்குத்தான் லோம்பே. யாரு இல்லேன்னா?"

"அப்ப அம்மா?"

"அம்மாவுக்கும்தான்."

"பெட்டி?"

"பெட்டிக்கும். உங்க அத்தான் ஆசையா வாங்கிட்டு வந்தாரே."

"இருக்கறது ஒரே அறைக்கா."

"ஆமா. அம்மாவுக்குத் தடியாக் குடுத்துட்டேன். உங்க எல்லாருக்கும் மெல்லிசா ஒதுக்கியிருக்கேன். கேக்கும்போது குடுப்பேன்."

"இப்ப கேக்கறேன்."

"இப்பத்தான் எல்லாரும் ஒண்ணாக் கேக்கறீங்களே," என்றாள் அக்கா, கதவைச் சாத்திக்கொண்டே. அது நன்றாகச் சாத்திக்கொண்டது.

ஹாலுக்குத் திரும்பி வந்தேன். அத்தான் என் முகத்தைப் பார்த்தார். மடியிலிருந்த லுகோண்டேயைத் தோளுக்கு மாற்றி, சோபாவின் ஓரத்தில் ஒரு சாண் இடம் விட்டார்.

"கொஞ்சம் மெல்லிசா உக்காரு மச்சினி," என்றார்.